சைக்கிளின் ஹைட்ரோலிக் டிஸ்க் பிறேக் பிடிக்காதபோது: எயார் எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

உப்புவெளியிலிருந்து நீங்கள் கேட்டிருப்பது இதுதான். ஹைட்ரோலிக் டிஸ்க் பிறேக் பூட்டிய, பாவித்த மவுண்டன் சைக்கிள் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். பின் பிறேக்கின் லீவர் ஹான்டிலைத் தொடும் வரைக்கும் வருகிறது; நாலைந்து தரம் தொடர்ந்து அழுத்தினால் மட்டும் சற்றுப் பிடிக்கிறது. முன் லீவர் இறுக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் சைக்கிள் நிற்பதில்லை. ஒரு பக்கம் உரசுகின்ற சத்தமும் கேட்கிறது. ஒரு கராஜில் பின் பிறேக்குக்கு முச்சக்கர வண்டிக்கு ஊற்றுகின்ற பிறேக் ஒயிலை ஊற்றி, எயார் எடுத்து, அதாவது ஒயிலுக்குள் சிக்கிய காற்றை வெளியேற்றித் தந்தார்கள். இரண்டு நாள் நன்றாக இருந்துவிட்டு மறுபடியும் பழைய நிலைக்கே போய்விட்டது. இன்னொரு தரம் எயார் எடுத்தால் சரிவருமா என்பது உங்கள் கேள்வி.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்கள் சைக்கிளில் இருப்பவை மூன்று தனித்தனிக் கோளாறுகள். அவற்றுள் எயார் எடுத்தால் தீரக்கூடியது அதிகபட்சம் ஒன்றுதான், அதுவும் இப்போது தீராமல் போயிருக்கலாம். ஹைட்ரோலிக் பிறேக் என்றவுடனேயே எயார் எடுப்பதில் தொடங்குவதுதான் இந்த வேலையில் நடக்கின்ற முதற்பிழை. லீவர் கைக்கு எப்படித் தெரிகிறது என்பதைக் கவனித்தால், ஒரு திருகாணியைக் கூடக் கழற்றாமலே கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். அது தெரியும் வரைக்கும் இந்தச் சைக்கிளில் உவர்மலை இறக்கத்திலோ, கோட்டை வாசலால் நுழைந்து கோணேசர் கோயிலுக்குப் போகின்ற வீதியிலோ போகாதீர்கள். கோட்டைக்குள் மான்கள் எந்த நேரத்தில் குறுக்கே வரும் என்று சொல்ல முடியாது.

பிறேக் வேலை செய்கின்ற விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பின்னால் சொல்லப்போவதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. லீவருக்குள் இருக்கும் சிறிய பிஸ்டன் ஒயிலைத் தள்ளுகிறது. ஒயில் ஹோஸ் என்ற குழாய் வழியாகச் சென்று, சில்லடியில் டிஸ்க்கைக் கவ்வி நிற்கும் கலிப்பரின் இரு புறமும் உள்ள பெரிய பிஸ்டன்களைத் தள்ளுகிறது. அவை உராய்வுக் கட்டைகளான பேட்டுகளை டிஸ்க்கின் மேல் அழுத்துகின்றன. ஒயில் அழுத்தத்துக்குச் சுருங்குவதில்லை, காற்று சுருங்கும். ஆகவே ஹோஸுக்குள் ஒரு சிறு குமிழி இருந்தாலும் உங்கள் கையின் பலம் அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும். இவ்வளவும் பாடசாலையில் படித்த பஸ்காலின் தத்துவந்தான். அதிகம் பேசப்படாத பகுதி கலிப்பருக்குள் இருக்கிறது. ஒவ்வொரு பிஸ்டனையும் சுற்றிச் சதுர வெட்டுமுகமுள்ள ஒரு றப்பர் சீல் இருக்கிறது. பிஸ்டன் முன்னே வரும்போது அந்தச் சீல் அதனுடன் ஒட்டியபடி சற்று முறுகுகிறது. லீவரை விட்டதும் முறுகல் நிமிர்ந்து பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்கிறது. பிஸ்டனைப் பின்னிழுக்கின்ற முக்கிய வேலையைச் செய்வது அந்த றப்பர்தான். பேட்டுகளுக்கு இடையில் இருக்கும் மெல்லிய தகட்டு ஸ்பிரிங்கின் பங்கு சிறிது. பேட் தேயும்போது பிஸ்டன் சீலின் மேல் சற்று வழுக்கி முன்னேறிப் புதிய இடத்தில் நிற்கிறது. அதனால்தான் இந்தப் பிறேக்குக்குக் கேபிள் பிறேக்கைப் போல அடிக்கடி இறுக்கம் வைக்கத் தேவையில்லை. உப்பும் பேட் தூசியும் பிஸ்டனின் ஓரத்தில் படிந்து காய்ந்தால் இந்த வழுக்கலும் நிமிர்தலும் இரண்டுமே கெடுகின்றன. கடற்கரைக்குப் பக்கத்தில் நிறுத்தி வைக்கின்ற சைக்கிள்களில் எயாரை விட இந்தக் கோளாறையே முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பது என் கருத்து.

இனி உங்கள் பின் பிறேக்குக்கு வருகிறேன். அதில் முதலில் அறிய வேண்டியது உள்ளே எந்த ஒயில் இருக்கிறது, எது இருக்க வேண்டும் என்பதே. சைக்கிள் பிறேக்குகளில் இரண்டு குலங்கள் உண்டு. ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா ஆகியவை மினரல் ஒயில் பாவிப்பவை. ஹேய்ஸ், ஹோப் ஆகியவையும், நீண்ட காலமாக ஸ்ராமும், வாகனங்களுக்குரிய டொட் (DOT) வகைத் திரவத்தைப் பாவிப்பவை. ஸ்ராமின் அண்மைய சில மாதிரிகள் மட்டும் மினரல் ஒயிலுக்கு மாறியிருக்கின்றன. லீவரின் ஒயில் தொட்டி மூடியிலோ கலிப்பரிலோ எது என்று பொறித்திருப்பார்கள். பெயர் அழிந்து, எதுவும் தெரியாவிட்டால் மாதிரி இலக்கத்தைத் தேடிப் பாருங்கள். ஊகித்து ஊற்ற வேண்டாம். இவை தரத்தில் மட்டும் வேறுபடுகின்ற இரண்டு ஒயில்கள் அல்ல, இரசாயன முறையிலேயே வேறானவை. மினரல் ஒயில் பிறேக்கின் சீல்கள் பொதுவாக நைத்திரைல் றப்பரால் ஆனவை; டொட் பிறேக்கின் சீல்கள் ஈ.பி.டி.எம். என்ற றப்பரால் ஆனவை. ஒன்றுக்குரிய திரவம் மற்றதற்குள் போனால் சீல் ஊதிப் பருத்து மெதுமெதுப்பாகிவிடும். முதல் நாள் பிறேக் நன்றாகவே பிடிக்கும், ஏனெனில் சீல் ஊதுவதற்கு நேரம் எடுக்கும். பிறகு லீவர் திரும்பி வராமல் ஒட்டிக்கொள்ளும், அல்லது அழுத்தம் நிற்காமல் கசியும். நீங்கள் சொன்ன “இரண்டு நாள் நன்றாக இருந்தது” என்பது இதனுடன் பொருந்தி வருகிறது.

உள்ளே இருப்பது எது என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு கண்ணாடிக் குவளையில் நல்ல தண்ணீர் எடுத்து, பிறேக்கிலிருந்து எடுத்த ஒயிலில் சில துளிகளை அதில் விட்டு, ஒரு குச்சியால் கலக்கிவிட்டுச் சற்றுநேரம் வைத்துப் பாருங்கள். மினரல் ஒயில் வட்டவட்டமாக மேலே மிதந்து தனியே நிற்கும். சாதாரண டொட் 4 அல்லது டொட் 5.1 திரவம் தண்ணீரோடு கலந்து காணாமற் போய்விடும். பாதி கரைந்து பாதி மிதந்தால் இரண்டும் கலந்திருக்கின்றன என்று பொருள். ஷிமானோ ஒயில் இளஞ்சிவப்பாகவும், மகுரா ஒயில் நீலமாகவும் இருக்கும் என்பது உதவிக் குறிப்பு. நிறத்தை மட்டும் நம்பித் தீர்மானிக்க வேண்டாம்.

சோதனையில் மினரல் ஒயில் பிறேக்குக்குள் டொட் போயிருப்பது உறுதியானால், கழுவி எடுத்துப் புதிய ஒயில் விடலாமா என்று கேட்பீர்கள். ஊற்றிய சில மணி நேரத்துக்குள் கண்டுபிடித்திருந்தால் ஒருவேளை முயன்று பார்க்கலாம். இரண்டு நாள் ஓடிய பிறகு அந்த லீவரையும் கலிப்பரையும் ஹோஸையும் நான் நம்ப மாட்டேன். ஷிமானோ தன் சைக்கிள் பிறேக்குகளுக்குச் சீல்களைத் தனியே விற்பதில்லை. ஆகவே லீவரும் கலிப்பரும் மாற்றுவதுதான் வழி. கராஜில் வேலை செய்தவரைக் குறைசொல்லிப் பயனில்லை. முச்சக்கர வண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் டொட் சரியான திரவம், அவர் தினமும் கையாள்வதும் அதுவே. உங்கள் பிறேக் டொட் பிறேக்காக இருந்தால் அவர் ஊற்றியதால் கெடுதல் எதுவும் இல்லை. அப்போது கோளாறு வேறிடத்தில் இருக்கிறது.

அந்த வேறிடத்தைக் கண்டுபிடிக்க லீவரைக் கையால் விசாரிக்க வேண்டும். ஒரு தரம் அழுத்தி அப்படியே பிடித்திருங்கள். மெத்தை போல அமிழ்ந்து, தொடர்ந்து சில தரம் அழுத்தியதும் இறுகினால் உள்ளே காற்று இருக்கிறது, அல்லது பேட் மிகவும் தேய்ந்து பிஸ்டன் நீண்ட தூரம் வர வேண்டியிருக்கிறது. முதலில் இறுக்கமாக நின்று, பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்ல ஹான்டிலை நோக்கி இறங்கினால் எங்கோ கசிகிறது. வெளியே ஈரம் எதுவும் இல்லாமல் இப்படி இறங்கினால் லீவருக்குள் இருக்கும் சீல் கெட்டிருக்கிறது. எத்தனை தரம் எயார் எடுத்தாலும் அது தீராது. இறுக்கமாகவே நின்று சைக்கிள் மட்டும் நிற்காவிட்டால் ஒயிலில் கோளாறு இல்லை, உராய்வில் இருக்கிறது. உங்கள் முன் பிறேக் இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தது.

கசிவைத் தேடுவதற்கு எளிய முறை ஒன்று உண்டு. லீவரின் ஹோஸ் பூட்டும் நட்டையும், கலிப்பரில் ஹோஸ் சேருமிடத்தையும் நன்கு துடைத்து, அவற்றைச் சுற்றி வெள்ளை டிஸூ கடதாசியைச் சுற்றுங்கள். பிறகு லீவரை அழுத்தி, ஒரு துணிப்பட்டியாலோ பழைய ரியூப் துண்டாலோ ஹான்டிலோடு சேர்த்துக் கட்டி இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காலையில் எந்தக் கடதாசி நனைந்திருக்கிறதோ அங்கேதான் கசிவு. ஹோஸ் நட்டடியில் என்றால் ஹோஸின் நுனியை நேராக வெட்டி, உள்ளே செல்லும் சிறு குழாயையும், வெளியே நசுங்கி இறுகும் பித்தளை வளையத்தையும் புதிதாகப் போட வேண்டும்; ஒருதரம் நசுங்கிய வளையத்தை மறுபடி பாவிக்க முடியாது. இப்படி லீவரைக் கட்டி வைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு: சைக்கிள் நேராக, ஹான்டில் மேலே இருக்கும்படி நின்றால் ஹோஸில் சிக்கியிருக்கும் சிறு குமிழிகள் மேலேறி, கட்டை அவிழ்த்ததும் லீவரின் தொட்டிக்குள் போய்ச் சேரும். ஒட்டுப்போடுவதற்காகச் சைக்கிளைத் தலைகீழாகச் சீற்றின் மேல் கவிழ்த்து வைப்பது நம்மிடம் பழகிப்போன வழக்கம். தொட்டியில் ஒயில் குறைந்து காற்று இருக்கும் சைக்கிளைக் கவிழ்த்தால் அந்தக் காற்று ஹோஸுக்குள் இறங்கிவிடும். “நேற்று வரை பிடித்தது, காற்றுப்போன ரியூப் மாற்றியதும் பிடிக்கவில்லை” என்று சொல்பவர்களின் கதை பெரும்பாலும் இதுதான். அதே வேளையில், சில்லைக் கழற்றி வைத்துவிட்டு லீவரை அழுத்திவிட்டால் பேட்டுகள் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அது பழுது அல்ல; பிளாஸ்ரிக் ரயர் லீவரால் மெதுவாகப் பிரித்து பிஸ்டன்களை உள்ளே தள்ளினால் போதும். திருப்புளியை அதற்குப் பாவிக்க வேண்டாம். ஷிமானோவின் செராமிக் பிஸ்டன்கள் ஓரத்தில் உடைந்தால் கலிப்பரையே மாற்ற வேண்டி வரும்.

முன் பிறேக்கைப் பொறுத்தவரை சில்லைக் கழற்றி, பேட்டுகளைப் பிடித்திருக்கும் ஊசியை எடுத்து, பேட்டுகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். உராய்கின்ற முகம் கறுத்து மினுமினுப்பாகவும் பின்பக்க இரும்புத் தகடு உலர்ந்தும் இருந்தால் எண்ணெய் வெளியிலிருந்து வந்திருக்கிறது. பின்பக்கமும் பிஸ்டனின் ஓரமும் நனைந்திருந்தால் கலிப்பரின் சீல் கசிகிறது, கலிப்பர் மாற்ற வேண்டும். வெளியிலிருந்து வருவது எப்படி என்றால், உப்புக்காற்றில் கறள் பிடிக்காமல் இருப்பதற்காகச் செயினுக்கும் திருகாணிகளுக்கும் அடிக்கின்ற ஸ்பிரே காற்றில் பறந்து டிஸ்க்கில் படிகிறது. கிறீச்சிடும் சத்தத்தை நிறுத்துவதற்காகத் தேங்காயெண்ணெய் விடுபவர்களும் இருக்கிறார்கள். அது பிறேக்கையே நிறுத்திவிடும். எண்ணெய் ஊறிய பேட்டை மண்ணெண்ணெயில் கழுவுவதாலோ நெருப்பில் வாட்டுவதாலோ நம்பத்தக்கதாக்க முடியாது. மேலே மட்டும் மினுக்கம் என்றால், சமதரையில் வைத்த மெல்லிய அரத்தாளில் ஒரு சீராகத் தேய்த்துப் பார்க்கலாம். இரண்டாம் நாளும் கத்தினால் எறிந்துவிட்டுப் புதிய சோடி போடுங்கள். உராய்வுப் பகுதி 0.5 மில்லிமீற்றர் வரை தேய்ந்திருந்தால் எப்படியும் மாற்ற வேண்டும். டிஸ்க்கையும் வேர்னியரால் அளந்து பாருங்கள். ஷிமானோ டிஸ்க் புதிதில் 1.8 மில்லிமீற்றர் தடிப்பு, 1.5 மில்லிமீற்றருக்கு வந்தால் அதன் ஆயுள் முடிந்தது.

டிஸ்க்கைத் துடைப்பதற்கு ஐசோபுரோப்பைல் அல்ககோல் என்று பெயரிட்டு விற்பதையே பாமசியில் கேட்டு வாங்குங்கள். சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டின் சில தயாரிப்புகளில் ஆமணக்கெண்ணெய் சேர்க்கப்பட்டிருக்கும். தோலுக்கு நல்லதென்றாலும் டிஸ்க்கில் அது ஒரு மெல்லிய படலத்தை விட்டுச் செல்லும். பெற்றோலும் அப்படியே. சுத்தமான வெள்ளைத் துணி கறுக்காமல் வரும் வரைக்கும் துடைத்து, அதன் பிறகு டிஸ்க்கின் முகத்தை விரலால் தொடாதீர்கள்.

ஒரு பக்கம் உரசுவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். கலிப்பர் சற்றுச் சரிந்து நிற்பது ஒன்று. கலிப்பரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகளையும் அது அசையும் அளவுக்குத் தளர்த்தி, லீவரை இறுக அழுத்திப் பிடித்தபடியே அவற்றை மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். 6 முதல் 8 நியூட்டன் மீற்றர் வரை போதும். இதில் சரிவராவிட்டால் மற்றக் காரணம், அதாவது ஒரு பிஸ்டன் ஒட்டியிருப்பது. பேட்டுகளை எடுத்துவிட்டு, நன்றாக வருகின்ற பிஸ்டனை ரயர் லீவரால் பிடித்துக்கொண்டு, மற்றது இரண்டு மூன்று மில்லிமீற்றர் வெளியே வரும் வரைக்கும் லீவரை மெதுவாக அழுத்துங்கள். அதற்கு மேல் விட்டால் பிஸ்டன் கழன்று ஒயில் கொட்டிவிடும். வெளியே தெரிகின்ற பிஸ்டனின் பக்கச் சுவரில் பழுப்பு நிறத்தில் ஒரு வளையமாக அழுக்குப் படிந்திருப்பதைக் காண்பீர்கள். காது துடைக்கும் பஞ்சுக்குச்சியை ஐசோபுரோப்பைல் அல்ககோலில் நனைத்து அந்த வளையம் போகும் வரைக்கும் சுற்றித் துடைத்து, பிறகு அந்தப் பிறேக்குக்குரிய அதே ஒயிலில் ஒரு துளியைப் பக்கச் சுவரில் பூசி, உள்ளே தள்ளி, வெளியே எடுத்து, மறுபடி தள்ளி, இரண்டு பிஸ்டன்களும் ஒரே வேகத்தில் வரும் வரைக்கும் பொறுமையாகச் செய்யுங்கள். இறுதியில் வெளியே மிஞ்சிய ஒயில் முழுவதையும் துடைத்துவிட்டே பேட்டைப் போட வேண்டும். அரை மணி நேரம் எடுக்கின்ற இந்த வேலை, நம் கரையோரத்தில் ஒவ்வொரு வாடைக்காற்று மழைக்காலம் முடிந்ததும் செய்யத்தக்கது. கடற்கரை மணலில் ஓடியிருந்தால் அன்றே நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவிவிடுங்கள்; உவர்க்கிணற்றுத் தண்ணீர் அதற்கு உதவாது.

உண்மையிலேயே எயார் எடுக்க வேண்டியிருந்தால், ஷிமானோ வகையை உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். சில்லையும் பேட்டுகளையும் எடுத்துத் தூரத்தில் வையுங்கள். பிஸ்டன்களை முழுவதும் உள்ளே தள்ளி, பேட் இருந்த இடத்தில் அதற்கென்று வருகின்ற பிளாஸ்ரிக் கட்டையைச் செருகுங்கள். லீவரின் ஒயில் தொட்டி மட்டமாக நிற்கும்படி ஹான்டிலில் திருப்பி, மேலிருக்கும் சிறு திருகாணியைப் பெரும்பாலும் 2.5 மில்லிமீற்றர் அலன் கீயால் கழற்றி, அந்த ஓட்டையில் புனலைப் பூட்டுங்கள். கலிப்பரின் முலைக்கு, அதாவது காற்றை வெளியேற்றுவதற்காகத் திறந்து மூடுகின்ற சிறு குழாய்முனைக்கு, தெளிவான குழாயோடு சிரிஞ்சை மாட்டுங்கள். பாமசியில் கிடைக்கின்ற சிரிஞ்சும் சேலைன் குழாயும் இதற்குப் போதும், ஆனால் குழாய் கழன்றுவிடாதபடி மெல்லிய கம்பியால் கட்டிவிட வேண்டும். சிரிஞ்சின் றப்பர் ஒயிலில் ஊதிவிடும் என்பதால் ஒரு வேலைக்குப் பாவித்ததை மறுவேலைக்கு வைத்திருக்கக் கூடாது. 7 மில்லிமீற்றர் ஸ்பனரால் முலையை எட்டில் ஒரு பங்கு சுற்றுத் திறந்து, கீழிருந்து மேலாக ஒயிலை மெதுவாகத் தள்ளுங்கள். காற்று இயல்பாகவே மேலே போக விரும்புவது, அதன் வழியிலேயே அதை அனுப்புகிறோம். புனலில் குமிழி வருவது நின்றதும் முலையை மூடுங்கள். ஹோஸை நீளத்துக்கும் விரலால் சுண்டி, லீவரை மெதுவாக அழுத்தி விடுங்கள். மிச்சக் குமிழிகள் எழும். அடுத்து சிரிஞ்சை எடுத்துவிட்டு, குழாயின் நுனியை ஒரு சிறு புட்டிக்குள் விட்டு, லீவரை அழுத்திப் பிடித்தபடியே முலையை அரைச் செக்கன் மட்டும் திறந்து மூடுங்கள்; இதை இரண்டு மூன்று தரம் செய்யும்போது கலிப்பருக்குள் ஒளிந்திருந்த காற்று வெளியேறும். இடையில் புனலில் ஒயில் வற்றவே கூடாது. கடைசியாக ஹான்டிலில் லீவரை முன்னும் பின்னும் முப்பது பாகை அளவு சரித்து அழுத்திப் பார்த்து, குமிழி எதுவும் வராவிட்டால் புனலின் அடைப்பானைப் போட்டுக் கழற்றி, ஒயில் விளிம்பில் ததும்பி நிற்கும்போதே திருகாணியைப் பூட்டுங்கள்.

டொட் பிறேக்காக இருந்தால் இரண்டு விடயங்களைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். டொட் திரவம் பெயின்றைத் தின்னும், தோலையும் எரிக்கும். கையுறை போட்டுக்கொண்டு, சிந்தியதை உடனே தண்ணீரால் கழுவுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும். டொட் 4 புதிதில் 230 பாகை செல்சியஸ் வரைக்கும் கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது அதன் தரம். ஈரம் ஏறியதும் அந்த எல்லை 155 பாகைக்கு இறங்கிவிடும். நம்மூர்க் காற்றில் திறந்த புட்டியை மாதக்கணக்கில் அலுமாரியில் வைத்திருந்து பாவிப்பது பிழை. டொட் 5 என்பது சிலிக்கன் திரவம். இலக்கம் கிட்டியது என்று அதை ஊற்றிவிடாதீர்கள். எடுத்த பழைய ஒயில் எதுவானாலும் கிணற்றடியிலோ வடிகாலிலோ ஊற்றாமல், புட்டியில் அடைத்து, வாகனங்களின் பழைய ஒயிலைச் சேர்க்கின்ற இடத்தில் கொடுங்கள்.

புதிய பேட் போட்ட முதல் நாளே முழுப் பிடியை எதிர்பார்க்க வேண்டாம். வாகனங்கள் குறைந்த அதிகாலையில் சமதரையான ஒழுங்கை ஒன்றில் மணிக்கு 20 கிலோமீற்றர் அளவு வேகமெடுத்து, சில்லு பூட்டிக்கொள்ளாதபடி சீராக அழுத்தி நடைவேகத்துக்கு இறக்குங்கள். இப்படி இருபது தரம் அளவில் செய்தால் பேட்டின் பொருள் டிஸ்க்கில் மெல்லப் படிந்து பிடி ஏறும். இதற்கு முன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தே இரண்டு பிறேக்கையும் சோதித்துவிடுங்கள்.

உங்கள் பின் பிறேக் மாற்ற வேண்டியதுதான் என்று முடிவானால், ஒயில் நிரப்பி எயாரும் எடுத்தே லீவர், ஹோஸ், கலிப்பர் மூன்றும் சேர்ந்து வருகின்ற மலிவான சோடிகள் இருக்கின்றன, ஷிமானோவின் எம்.டி. 200 (MT200) அப்படியான ஒன்று. தனித்தனியாக வாங்கிச் சேர்ப்பதை விட உங்களுக்கு அதுவே நல்லது. வாங்குவதற்கு முன் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: பழைய ஹோஸின் நீளம், கலிப்பர் பூட்டுகின்ற முறை, எந்தக் கை லீவர் எந்தச் சில்லுக்கு என்பது. நம் நாட்டு வழக்கத்தில் வலது கை முன் பிறேக். ஐரோப்பாவிலிருந்து வந்த பாவித்த சைக்கிள்களில் பல மாறியிருக்கும். கலிப்பரின் பூட்டு முறை தெரியாவிட்டால் இரண்டு போல்ட் ஓட்டைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து, ஒரு படமும் எடுத்து அனுப்புங்கள், எது பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.